சிலிண்டரின் கழுத்தைப் பாருங்கள்

கேஸ் நிரப்பும் கடைப் பையன் சிலிண்டரைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. குனிந்தான், வால்வைச் சுற்றியிருக்கும் இரும்புப் பட்டையைக் கட்டைவிரலால் துடைத்தான், படித்தான், நிமிர்ந்து தலையை ஆட்டினான். "சாரி. இதை நான் நிரப்பக் கூடாது."

2025 ஜனவரி, பொங்கலுக்கு மூன்று நாள் முன்பு. மெல்பர்னின் மேற்குப் புறம் டார்னீட்டில் இருக்கிறது எங்கள் வீடு. பழைய டொயோட்டா ஹைஏஸ் வேன் ஒன்றைக் குளிர்காலத்தில் வாங்கியிருந்தோம். உள்ளே கட்டில், சின்னத் தொட்டி, இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு, பின்பக்க லாக்கரில் 4 கிலோ சிலிண்டர். அப்பா திண்டுக்கல்லிலிருந்து வந்திருந்தார். கடற்கரையில் பொங்கல் வைக்க வேண்டும் என்று வெண்கலப் பானையை ஊரிலிருந்தே பெட்டியில் கட்டிக்கொண்டு வந்தவர் அவர். அப்போலோ பே கேரவன் பார்க்கில் இடம் பதிவு செய்தாயிற்று. சிலிண்டரில் கேஸ் மட்டும் இல்லை.

என் அப்பா 31 ஆண்டுகள் ஒரு கேஸ் ஏஜென்சி குடோனில் வேலை பார்த்தவர். லாரியிலிருந்து இறங்கும் சிலிண்டர்களை எண்ணி, எடை பார்த்து, கசிவு பார்த்து அடுக்குவதுதான் அவருடைய வேலை. அந்தப் பையன் துடைத்த இடத்தில் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவரும் குனிந்தார். 08 என்று ஓர் எண், ஒரு முத்திரை, 14 என்று இன்னோர் எண்.

"பாப்பா, 14-ன்னு போட்டிருக்கு. பத்து வருசமா டெஸ்டுக்கே அனுப்பாம ஓட்டிருக்காங்களா?"

அவர் கேட்டதில் பாதி சரி, பாதி தவறு. எங்கள் பயணத்தில் நாங்கள் கற்ற முதல் பாடம் அந்தப் பாதித் தவறில்தான் இருந்தது. இந்தியாவில் வீட்டுச் சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் ஓர் எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன், சி, டி என்று இப்படியே நான்கு காலாண்டுகள். ஏ-27 என்று இருந்தால் 2027 மார்ச்சுக்குள் அந்தச் சிலிண்டர் அடுத்த சோதனைக்குப் போக வேண்டும். அதாவது அங்கே எழுதியிருப்பது கெடு. ஆஸ்திரேலியாவில் எழுதியிருப்பது, சோதனை நடந்த மாதமும் ஆண்டும். அதிலிருந்து பத்து ஆண்டுகளை நாம்தான் கூட்டிக்கொள்ள வேண்டும். 2014 ஆகஸ்ட்டில் சோதிக்கப்பட்ட எங்கள் சிலிண்டரின் காலம் 2024 ஆகஸ்ட்டில் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அதை நிரப்புவது இங்கே சட்டப்படி தவறு. உள்ளே மிச்சமிருக்கும் கேஸை எரித்துத் தீர்க்கலாம், மறுபடி நிரப்பத்தான் முடியாது.

கேம்பர் வேன் வைத்திருக்கும் நண்பர்கள் "கேஸ் நிரப்ப மாட்டேங்கிறாங்க" என்று என்னிடம் சொல்லும்போது நான் முதலில் கேட்பது இந்தத் தேதியைத்தான். பலர் அதைப் பார்த்ததே கிடையாது. பழைய வேனோடு வரும் சிலிண்டர் பெரும்பாலும் வேனின் வயதுதான் இருக்கும். கழுத்தில் ஆழமாகத் துரு ஏறியிருந்தாலும், அடிவளையம் நசுங்கியிருந்தாலும், மேலே புது வண்ணம் அடித்து முத்திரை மறைந்திருந்தாலும் கடைக்காரர் மறுப்பார். மறுப்பது அவருடைய கடமை. காலம் முடிந்த சிலிண்டரைச் சோதனை நிலையத்துக்கு அனுப்பி மறுமுத்திரை வாங்கலாம். சிறிய சிலிண்டர்களுக்கு ஆகும் செலவு புதியதன் விலையை நெருங்கிவிடுவதால் பெரும்பாலோர் புதிதே வாங்குகிறார்கள். காலியைக் கொடுத்துவிட்டு நிரம்பியதை எடுத்துவரும் மாற்று முறையும் உண்டு. அப்படி மாற்றினால் தேதி பற்றிய கவலை நம்முடையதல்ல. ஆனால் மாற்றுக் கூண்டுகளில் அதிகம் கிடைப்பது 9 கிலோதான். எங்கள் வேன் லாக்கரில் 4 கிலோவுக்கு மேல் நுழையாது. ஒரு கேம்பிங் கடையில் புது சிலிண்டர் வாங்கினோம்.

வாங்கிய உடனே அடுத்த சிக்கல். அப்பா பழைய ரெகுலேட்டரை எடுத்துப் புது வால்வில் வைத்தார். பொருந்தவே இல்லை.

ஆஸ்திரேலியாவில் இப்போது இரண்டு வகை வால்வுகள் புழக்கத்தில் இருக்கின்றன. பழையது பிஓஎல். அதன் மரை உள்பக்கம் இருக்கும், அதுவும் இடது மரை. நாம் தண்ணீர்க் குழாயை இறுக்குகிற திசைக்கு எதிராகத் திருப்பினால்தான் இறுகும். எரியும் வாயுக்களுக்கு இடது மரை வைப்பது பல நாடுகளில் உள்ள வழக்கம். ஆக்சிஜன் குழாயை யாரும் தவறி இதில் மாட்டிவிடக் கூடாது என்பதற்காக. புதிய வகை எல்சிசி27. மரை வெளிப்பக்கம், வலது மரை, ஸ்பேனர் வேண்டாம், கையாலேயே இறுக்கலாம். ரெகுலேட்டர் சரியாக உட்காராத வரை வால்வைத் திறந்தாலும் கேஸ் வெளியே வராது. கடந்த சில ஆண்டுகளாக விற்பனைக்கு வரும் சிறிய சிலிண்டர்கள் இந்த வகைதான். பழைய ரெகுலேட்டர் வைத்திருப்பவர்களுக்கு இடையில் மாட்ட அடாப்டர் விற்கிறார்கள். நிரப்பும் கடையிலும் இந்த வால்வுக்கான முனை இருக்க வேண்டும். ஆகவே தொலைதூர ஊருக்குப் போகுமுன் போன் போட்டு, "எல்சிசி27 நிரப்புவீர்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

இந்த வால்வு மாற்றம் தேவையில்லாத அலைச்சல் என்று நினைக்கலாம். அப்பா அப்படி நினைக்கவில்லை. திண்டுக்கல் குடோனில் அவருடைய கை முதலில் போகும் இடம் வால்வுக்குள் இருக்கும் சின்ன ரப்பர் வளையம்தான். அது வெடித்திருந்தாலோ, இல்லாமலே போயிருந்தாலோ சிலிண்டரைத் தனியே ஒதுக்கிவிடுவார். புது வால்வுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "மாட்டாம தொறந்தா வராதுங்கிறது பெரிய விசயம், பாப்பா" என்றார். ஒரு பொருளின் அருமை அதோடு வாழ்ந்தவருக்குத்தான் தெரியும்.

அடுத்து நிரப்புதல். புது சிலிண்டர் காலியாக வரும் என்று நினைக்கிறோம். காலியாக இல்லை, காற்று இருக்கிறது. முதல்முறை நிரப்புவதற்கு முன் அந்தக் காற்றை வெளியேற்ற வேண்டும். கொஞ்சம் கேஸ் ஏற்றி, வெளியே விட்டு, மறுபடி ஏற்றுவார்கள். இதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும்? எல்பிஜி அழுத்தத்தில் திரவமாகிவிடும், காற்று ஆகாது. மேலே ஏறி நின்றுகொண்டு அழுத்தத்தைக் கூட்டும். திரவம் பாதியிலேயே நின்றுவிடும். அப்படியே நிரப்பி வீட்டுக்குக் கொண்டுவந்தால் அடுப்பு பற்றாது, பற்றினாலும் படபடவென்று அணையும். "புது சிலிண்டர், நிரப்பியாச்சு, ஆனா எரியல" என்று வரும் புகார்களில் பலவற்றுக்கு இதுவே காரணம். நிரப்பக் கொடுக்கும்போது இது முதல்முறை என்று சொல்லிவிடுங்கள்.

கேஸ் நிரப்ப நாங்கள் போன இரண்டாவது கடை கிரேட் ஓஷன் ரோட்டில் ஒரு சிற்றூரில் இருந்தது. முதலாம் உலகப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் 1919 முதல் 1932 வரை போட்ட சாலை அது. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. கடைக்காரர் வயதானவர், தடித்த கையுறை போட்டிருந்தார். சிலிண்டரைத் தொட்டுப் பார்த்தவர், "வெயிலில் இருந்ததா?" என்று கேட்டார். இரண்டு மணி நேரம் வேனின் பின்கதவு ஓரத்தில் வெயில் பட்டபடி வந்திருக்கிறது. நிழலில் வைத்துவிட்டுச் சாப்பிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

அவர் ஏன் அனுப்பினார் என்பதைப் புரிந்துகொண்டால் கேஸ் நிரப்புவதன் பாதிச் சூட்சுமம் புரிந்துவிடும். சிலிண்டருக்குள் புரொப்பேன் திரவமாகவும் ஆவியாகவும் சேர்ந்தே இருக்கிறது. உள்ளே இருக்கும் அழுத்தத்தைத் தீர்மானிப்பது எவ்வளவு கேஸ் இருக்கிறது என்பதல்ல, எவ்வளவு சூடாக இருக்கிறது என்பது. 20 டிகிரி செல்சியஸில் சுமார் 7 பார். 40 டிகிரியில் 12 பாருக்கு மேல். கார் டயரில் இருப்பது இரண்டரை பார் அளவுதான் என்பதை நினைத்துப் பாருங்கள். பல சிறு கடைகளில் பம்ப் கிடையாது. பெரிய தொட்டிக்கும் நம் சிலிண்டருக்கும் உள்ள அழுத்த வேறுபாடுதான் திரவத்தைத் தள்ளுகிறது. நம் சிலிண்டர் தொட்டியைவிடச் சூடாக இருந்தால் அது எதிர்த்துத் தள்ளும். நிரப்புவது ஊர்ந்து போகும், அல்லது நின்றேவிடும். சிலிண்டரிலும் குறை இல்லை, கடையிலும் குறை இல்லை.

சாப்பிட்டுவிட்டு வந்தோம். அவர் நிரப்பியதை அப்பா, நான், என் மகள் மூவரும் தள்ளி நின்று பார்த்தோம். சிலிண்டரை நிமிர்த்தி வைத்தார், குழாயை மாட்டினார், வால்வின் பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகு ஒன்றை ஸ்க்ரூடிரைவரால் இளக்கினார். 'ஸ்ஸ்' என்று சீறல், அந்தக் கேஸ் வாடை. திருகுக்குக் கீழே உள்ளுக்குள் ஒரு மெல்லிய குழாய் இறங்கியிருக்கிறது. அதன் நுனி சரியாக 80 விழுக்காடு உயரத்தில் நிற்கும். திரவம் அதைத் தொடாத வரை வெளியே வருவது கண்ணுக்குத் தெரியாத ஆவி. தொட்ட கணம், இட்லிப் பானை மூடியைத் தூக்கினால் வருவதுபோல் வெள்ளைப் புகையாகச் சீறுகிறது. அந்த வெள்ளையைக் கண்டதும் குழாயை அடைத்து, திருகை இறுக்கிவிட்டார். அப்புறம் சோப்புத் தண்ணீரை வால்விலும் திருகிலும் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். அப்பா என் தோளைத் தட்டினார். அவர் குடோனில் செய்ததும் அதே சோப்புத் தண்ணீர்தான்.

பம்ப் இல்லாத கடையில் இந்தத் திருகைத் திறக்காமல் நிரப்பினால் சிலிண்டர் பாதிதான் ஏறும். திறந்துவிட்டு முழுக்க இறுக்காமல் விட்டால் லாக்கருக்குள் கசிந்துகொண்டே இருக்கும். சிலிண்டரைச் சாய்த்து வைத்து நிரப்பினால் அளவு பொய்யாகிவிடும். கேஸ் நிரப்புவதில் வரும் தொல்லைகளில் பெரும்பகுதி இந்த ஒரு திருகைச் சுற்றித்தான்.

"80 விழுக்காடுதான் நிரப்புறாங்க, ஏமாத்துறாங்க" என்று நம்மவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ஏமாற்று எதுவும் இல்லை. எங்கள் 4 கிலோ சிலிண்டரில் தண்ணீர் ஊற்றினால் சுமார் 10 லிட்டர் பிடிக்கும். அதில் 80 விழுக்காடு 8 லிட்டர். திரவ புரொப்பேன் லிட்டருக்கு ஏறக்குறைய அரை கிலோ. ஆக, 4 கிலோ. பெயரில் சொன்ன அளவு சரியாக வந்துவிட்டது. மிச்ச இடம் திரவம் பெருகுவதற்கு. 15 டிகிரியில் நிரப்பிய சிலிண்டர் 40 டிகிரி வெயிலில் நின்றால் திரவம் சுமார் 8 விழுக்காடு பெருகும். விளிம்புவரை நிரப்பியிருந்தால் பெருக இடமிருக்காது. இரும்பை அழுத்தும், பாதுகாப்பு வால்வு திறந்துகொண்டு கேஸைக் கொட்டும். ஒரு லிட்டர் திரவம் வெளியே வந்தால் ஏறக்குறைய 270 லிட்டர் வாயு. மூடிய வேனுக்குள் அது என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அளவு சரிதானா என்று வீட்டிலேயே பார்க்கலாம். கழுத்துப் பட்டையில் டிடபிள்யூ என்று பொறித்து ஓர் எடை இருக்கும், அது வெறும் சிலிண்டரின் எடை. அது 5.2 கிலோ என்று வைத்துக்கொள்வோம். குளியலறைத் தராசு 7.2 காட்டினால் உள்ளே 2 கிலோ இருக்கிறது, 9.2-க்கு மேல் போனால் அளவுக்கு மீறி நிரப்பியிருக்கிறார்கள் என்று பொருள். தராசு இல்லாவிட்டால் சிலிண்டரின் பக்கவாட்டில் வெந்நீரை ஊற்றிக் கையால் தடவிப் பாருங்கள். திரவம் இருக்கும் உயரம் வரை குளிர்ச்சியாகவும் அதற்கு மேல் சூடாகவும் இருக்கும்.

நிரப்பியும் எரியவில்லை என்பது வேறு கதை. எங்களுக்கும் அன்று மாலை அது நடந்தது. மகள் அவசரத்தில் வால்வைச் சடாரென்று முழுக்கத் திறந்துவிட்டாள். அடுப்பில் சுடர் மினுக்கியது, அவ்வளவுதான். குழாய் அறுந்துபோனால் கேஸ் கொட்டாமல் தடுப்பதற்காகச் சில இணைப்புகளில் ஓர் அடைப்பான் இருக்கிறது. திடீரென்று கேஸ் பாய்ந்தால், குழாய் அறுந்துவிட்டது என்று எண்ணி அது மூடிக்கொள்ளும். வால்வை அடைத்து, ஒரு நிமிடம் பொறுத்து, மெதுவாகத் திறந்தோம், சரியாகிவிட்டது.

சிட்னியில் இருக்கும் என் சித்தி மகனுக்கு வந்த தொல்லை இதற்கு நேர் எதிர். ஜூலையில் ஸ்னோயி மலைப் பக்கம் ஜிண்டபைனுக்கு வேனில் போனவன், காலையில் சுடர் நூல்போல எரிகிறது, கடைக்காரன் குறைவாக நிரப்பிவிட்டான் என்று கோபத்தோடு போன் செய்தான். சிலிண்டரின் வெளியே அடிப்பாகத்தில் பனி படிந்திருக்கிறதா என்று கேட்டேன். படிந்திருந்தது. திரவம் ஆவியாக வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தைச் சுற்றியுள்ள இரும்பிலிருந்தும் காற்றிலிருந்தும் எடுக்கும். கடுங்குளிரில், சின்ன சிலிண்டரில், ஹீட்டரும் அடுப்பும் ஒன்றாக இழுத்தால் அது தன்னையே உறையவைத்துக்கொள்ளும். உள்ளே கேஸ் இருந்தது, அழுத்தம்தான் இல்லை. புரொப்பேனாக இருந்ததால் அந்த அளவாவது எரிந்தது. அதன் கொதிநிலை -42 டிகிரி. பியூட்டேன் -0.5 டிகிரியிலேயே ஆவியாக மறுத்துவிடும். 20 டிகிரியில் புரொப்பேனின் அழுத்தம் பியூட்டேனைப்போல் சுமார் நான்கு மடங்கு.

கலவை மாறினால் அழுத்தம் மாறும் என்பது ஏட்டுப் படிப்பு அல்ல. 2021 கடைசியில் இலங்கையில் சமையலறைகளில் அடுத்தடுத்து கேஸ் வெடிப்புகள் நடந்தன, மக்கள் சிலிண்டரை வீட்டுக்கு வெளியே வைத்துச் சமைத்தார்கள். ஆராய்ந்த குழு, சிலிண்டர்களில் புரொப்பேன், பியூட்டேன் விகிதம் மாற்றப்பட்டதைக் காரணமாகச் சொன்னது. எங்கள் தெருவில் இருக்கும் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் இன்றும் ரெகுலேட்டரைத் தொடுமுன் ஒரு கணம் கண்ணை மூடிக்கொள்கிறார்.

அதனால்தான், பெட்ரோல் நிலையத்தில் காருக்கு அடிக்கும் ஆட்டோகேஸ் குழாயிலிருந்து சிலிண்டரை நிரப்பிக்கொள்ளலாமா என்று யாராவது கேட்டால் கூடாது என்று அழுத்திச் சொல்கிறேன். ஆட்டோகேஸில் பியூட்டேன் கலந்திருக்கலாம். கார்த் தொட்டியில் 80 விழுக்காட்டில் தானாக அடைக்கும் கருவி இருக்கிறது, கைச் சிலிண்டரில் இல்லை. அந்தக் குழாய்களும் குறைந்துகொண்டே வருகின்றன. ஒரு காலத்தில் மெல்பர்ன் டாக்ஸிகளான ஃபோர்டு ஃபால்கன்கள் எல்பிஜியில் ஓடின. ஃபோர்டு 2016 அக்டோபரிலும் ஹோல்டன் 2017 அக்டோபரிலும் இங்கே கார் தயாரிப்பை நிறுத்திவிட்டன.

இதைவிட எனக்குப் பயம் தருவது வீட்டில் நடப்பது. நம் வீடுகளில் மீன் பொரிக்கவும் பிரியாணி தம் போடவும் பின்கட்டில் ரிங் பர்னர் வைத்திருக்கிறோம், அதற்கு 9 கிலோ சிலிண்டர். அதிலிருந்து குழாய் போட்டு வேனின் சின்ன சிலிண்டருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று சிலர் முயல்கிறார்கள். பெரியதைத் தலைகீழாகக் கட்டி, சின்னதை ஃப்ரீசரில் வைத்துக் குளிரவைத்துச் செய்கிறார்கள். ஒருமுறை ஒரு நண்பர் வீட்டு கராஜிலேயே பார்த்தேன், பக்கத்தில் தண்ணீர் ஹீட்டரின் பைலட் சுடர் எரிந்துகொண்டிருந்தது. எல்பிஜி காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. மேலே போகாது, தரையோடு தவழ்ந்து பள்ளத்தைத் தேடும். அந்தச் சுடர் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் இருந்தது. நான் கத்திவிட்டேன். அவருக்கு வருத்தம்தான், இருந்தாலும் அன்று கத்தியதற்காக நான் வருந்தவில்லை.

வேன் லாக்கரின் அடியில் துவாரம் வைத்திருப்பதும் இதே காரணத்துக்காகத்தான். கசிந்தால் தரைக்கு இறங்கி வெளியே போக வேண்டும், படுக்கும் இடத்துக்குள் வரக் கூடாது. தூசி வருகிறது என்று அதைத் துணியால் அடைத்திருந்தார் எங்கள் வேனின் முந்தைய உரிமையாளர். அப்பாதான் கண்டுபிடித்துப் பிடுங்கி எறிந்தார். வேன்களின் கேஸ் அமைப்புக்கென்றே ஆஸ்திரேலிய, நியூசிலாந்து தரநிலை 5601-இன் இரண்டாம் பகுதி இருக்கிறது. சிலிண்டரைக் கழற்றி மாட்டலாம், சோப்புத் தண்ணீர் தடவலாம், அது நம் வேலை. அதற்கு மேல் குழாய், ரெகுலேட்டர், அடுப்பு எதில் கை வைப்பதானாலும் உரிமம் பெற்ற கேஸ்ஃபிட்டர்தான் செய்ய வேண்டும்.

பொங்கலன்று காலை அப்போலோ பேயில் காற்று அதிகம். வேனின் பக்கக் கதவைத் திறந்துவைத்து, உள்ளே சின்ன அடுப்பில் வெண்கலப் பானையை ஏற்றினார் அப்பா. பால் பொங்கி அடுப்பில் வழிந்தபோது பக்கத்து வேன்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள், ஆளுக்கொரு கிண்ணம் கொடுத்தோம். ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் அப்பா ஒரு மார்க்கரை எடுத்து லாக்கர் கதவின் உள்பக்கம் சிலிண்டரின் கெடுத் தேதியைத் தமிழில் எழுதிவைத்துவிட்டுப் போனார்.

இதைப் படிக்கும் நீங்கள் மெல்பர்னிலோ சிட்னியிலோ இருந்து, வேனிலோ பின்கட்டிலோ ஒரு கேஸ் சிலிண்டர் வைத்திருந்தால், இன்று மாலை வெளிச்சம் இருக்கும்போதே அதன் கழுத்தைத் துடைத்துப் பாருங்கள். மாதமும் ஆண்டும் தெரியும். பத்தைக் கூட்டுங்கள். கடந்திருந்தால் அதை மறுபடி நிரப்பக் கொண்டுபோக வேண்டாம்.